சிடிசி 18-லிருந்து 25 லட்சம், ஆனால் மதுரை வீட்டை விட்டு தினமும் ஃபார்மல் சட்டையில் சோழிங்கநல்லூர்: எப்படிக் கணக்குப் போடுவது?

வைகைக்கரையான்:

வணக்கம். முடிவெடுக்க ஒன்பது நாள் இருக்கிறது. விவரத்தை அப்படியே வைக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

இப்போது பெங்களூரு நிறுவனம் ஒன்றில் பேக்எண்ட் டெவலப்பர். மதுரை வீட்டிலிருந்தே முழுநேர வேலை. சிடிசி (வருடச் சம்பளத் தொகுப்பு) 18 லட்சம், வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்து மாறும் பங்கு) கிடையாது. அதில் நிறுவனத்தின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பங்கு வருடத்துக்கு 21,600 மட்டும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) சிடிசிக்கு வெளியே.

வந்திருக்கும் ஆஃபர் ஒரு வங்கியின் தொழில்நுட்ப மையத்தில். சிடிசி 25 லட்சம்: ஃபிக்ஸட் 22, வேரியபிள் 3. ஃபிக்ஸடுக்குள்ளேயே பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 11 லட்சம், நிறுவனத்தின் பிஎஃப் 1,32,000, கிராஜுவிட்டி 52,910, மருத்துவக் காப்பீடு 15,090 எல்லாம் அடக்கம். வாரத்துக்கு ஐந்து நாளும் சோழிங்கநல்லூர் அலுவலகம். திங்கள் முதல் வியாழன் வரை முழு ஃபார்மல், வெள்ளிக்கிழமை மட்டும் காலர் வைத்த டீஷர்ட் போடலாம்.

மனைவி மதுரையில் பள்ளி ஆசிரியை, மகள் இரண்டாம் வகுப்பு. அதனால் முதல் ஒரு வருடம் நான் மட்டும் போவதாக எண்ணம். பெரம்பூரில் அக்கா வீடு இருக்கிறது, தங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். மாதம் இரண்டு முறை ஊருக்கு வர வேண்டும். ஏழு லட்சம் கூடுதல் என்பதால் வீட்டில் எல்லோரும் போ என்கிறார்கள். பணத்தையும் நேரத்தையும் உடுப்பையும் ஒரே தராசில் வைப்பது எப்படி?

---

கணக்கர்_திருச்சி:

முதலில் ஏழு லட்சம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். சிடிசி என்பது நிறுவனத்துக்கு ஆகும் செலவு, உங்கள் கைக்கு வரும் பணம் அல்ல. இரண்டையும் 2025-26 புதிய வரி முறையில் போட்டுப் பார்ப்போம். 4 லட்சம் வரை வரி இல்லை, அதன்பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம், 24 லட்சத்துக்கு மேல் 30. நிலையான கழிவு 75,000. மொத்த வரி மேல் 4 சதவீதம் செஸ்.

இப்போதைய வேலை: 18,00,000-ல் நிறுவன பிஎஃப் 21,600 போக மொத்தச் சம்பளம் 17,78,400. வரிக்குரியது 17,03,400. வரி செஸ்ஸோடு 1,46,307. உங்கள் பங்கு பிஎஃப் 21,600, தொழில் வரி 2,500 கழித்தால் வருடத்துக்கு 16,07,993. மாதம் சுமார் 1,34,000.

புதிய வேலை: ஃபிக்ஸட் 22 லட்சத்தில் பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு மூன்றும் போனால் மொத்தச் சம்பளம் 20,00,000. வரிக்குரியது 19,25,000. வரி 1,92,400. உங்கள் பங்கு பிஎஃப்பும் பேசிக்கில் 12 சதவீதம் என்பதால் இன்னொரு 1,32,000 போகும். தொழில் வரி 2,500. மிச்சம் 16,73,100. மாதம் 1,39,425.

மாதாமாதம் வங்கிக் கணக்கில் கூடுவது சுமார் 5,400 ரூபாய். அவ்வளவுதான்.

மீதிப் பணம் காணாமல் போகவில்லை, வேறு பாத்திரத்தில் இருக்கிறது. பிஎஃப்பில் இரு பங்கும் சேர்த்து 2,64,000 சேரும். இப்போது சேர்வது 43,200. ஆக வருடத்துக்கு 2,20,800 கூடுதல் சேமிப்பு. வேரியபிள் 3 லட்சத்தில் 80 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் 2,40,000, அதில் வரி 58,500 போக 1,81,500. கைச்சம்பளத்தில் கூடுவதோடு இந்த இரண்டையும் கூட்டினால் வருடத்துக்கு 4,67,000 சொச்சம் கூடுதல். கிராஜுவிட்டியை நான் சேர்க்கவில்லை. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் இருந்தால்தான் கிடைக்கும்.

எச்ஆர் (மனிதவளப் பிரிவு) இன்னொன்று சொல்வார்கள்: "சென்னையில் வாடகை ரசீது கொடுங்கள், எச்ஆர்ஏவில் வரி குறையும்." எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) விலக்கு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. பின்னால் குடும்பத்தோடு 28,000 வாடகைக்குப் போனால்கூட விலக்கு 2,26,000 தான் வரும் (வாடகை 3,36,000-லிருந்து பேசிக்கில் பத்தில் ஒரு பங்கு கழித்து). அதோடு 80சி சேமிப்புக் கழிவு 1,50,000, காப்பீடு 25,000, நிலையான கழிவு 50,000 எல்லாம் போட்டாலும் பழைய முறை வரி 2,87,500 அளவுக்கு வரும். புதிய முறையில் 1,92,400. வாடகை ரசீதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

---

வைகைக்கரையான்:

மாதம் 5,400 தானா! இந்தக் கோணத்தில் நான் பார்க்கவே இல்லை. சரி, அக்கா வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம் அல்லவா? அதை வைத்து ஈடுகட்ட முடியுமா?

---

ஓஎம்ஆர்_வழித்தடம்:

பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூர் தினசரிப் பயணம் என்றால் வாடகையை நேரமாகக் கட்டுகிறீர்கள். நகரத்தின் வடக்கிலிருந்து தெற்கு முனைக்கு அருகே போகிறீர்கள். ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து நடந்து பார்க் டவுன், பறக்கும் ரயிலில் திருவான்மியூர், பிறகு ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பேருந்தோ ஷேர் ஆட்டோவோ. இரண்டு இடத்தில் மாற வேண்டும். கதவுக்குக் கதவு ஒன்றே முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். மழை நாளில் கடைசித் துண்டு மட்டும் இரண்டு மடங்கு ஆகும்.

மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி சிப்காட் வழித்தடமும் மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடமும் சோழிங்கநல்லூரில்தான் சந்திக்கின்றன. வந்துவிட்டால் நிலைமை வேறு. ஆனால் ரயில் ஓடத் தொடங்கும் வரை சாலையின் நடுவே தடுப்புதான் இருக்கும். வரப்போகும் வசதியை நம்பி இன்றைய கணக்கைப் போடாதீர்கள்.

போவதென்றால் அலுவலகத்துக்கு நடக்கும் தூரத்தில் சாப்பாட்டோடு கூடிய பிஜி (கட்டண விடுதி) பாருங்கள். தனி அறை சுமார் 13,000 என்று கணக்கில் வைக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம் நேரில் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, லாரித் தண்ணீர் என்றால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டா. ஏசி மின்கட்டணம் வாடகைக்குள்ளா, தனி மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு. காலி செய்யும்போது "பராமரிப்பு" என்று எவ்வளவு பிடிப்பார்கள்.

நேரத்தோடு சேர்த்துப் போட்டால் இப்படி வருகிறது. வேலை நேரம் எல்லா இடத்திலும் மாதம் 198 மணி (22 நாள், நாளுக்கு 9 மணி). அலுவலகம் போவதற்குத் தயாராகும் அரை மணியையும் சேர்த்திருக்கிறேன்.

மதுரையில் இப்போது: கைச்சம்பளமும் பிஎஃப்பும் சேர்த்து மாதம் 1,37,600. 198 மணி. மணிக்கு 695 ரூபாய்.

பெரம்பூரிலிருந்து: வேரியபிள், பிஎஃப் எல்லாம் சேர்த்து 1,76,550. நகரப் பயணம், ஊர் ரயில், உடுப்புச் செலவு என்று 8,400 கழித்தால் 1,68,150. நேரம் 286 மணி. மணிக்கு 588.

பிஜியிலிருந்து நடந்து: 1,76,550-லிருந்து பிஜி 13,000, ஊர் ரயில் 3,400, உள்ளூர்ப் பயணம் 1,000, உடுப்பு 2,000 போக 1,57,150. நேரம் 224 மணி. மணிக்கு 702.

பிஜி கணக்கில் 7 ரூபாய் முன்னே இருக்கிறது. மாதம் இரண்டு முறை மதுரை போய்வரும் ரயில் நேரத்தைச் சேர்த்தால் அதுவும் கவிழும். இரண்டு சுற்றுக்கும் குறைந்தது 32 மணி. அப்போது மணிக்கு 614.

ரயில் டிக்கெட் பற்றி ஒன்று. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸும் ஞாயிறு இரவுத் திரும்பலும் திறந்த அன்றே போட்டால்தான் உறுதி. தட்கல் முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அந்த நேரத்தில் நீங்கள் அலுவலக மீட்டிங்கில் இருப்பீர்கள்.

---

நூலும்_ஊசியும்:

உடுப்பைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள், ஒரேயடியாகப் பயப்படவும் வேண்டாம். சரியாக எடுத்தால் மாதம் 2,000-க்குள் அடங்கும், உடம்புக்கும் தொந்தரவு இல்லை. தவறாக எடுத்தால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் நரகம்.

எண்ணிக்கை: முழுக்கைச் சட்டை 6, பேன்ட் 4, ஷூ 2 ஜோடி, பெல்ட் ஒன்று, காலுறை 8 ஜோடி. ரெடிமேடில் சட்டை 1,500, பேன்ட் 1,800, ஷூ 3,000 என்று போட்டால் பெல்ட், காலுறை சேர்த்து 24,000 வரும். வாரத்துக்கு ஒருமுறை போடும் சட்டை ஒன்றரை வருடம் மரியாதையாக இருக்கும், காலரும் கைமடிப்பும்தான் முதலில் போகும். ஆக மாதம் 1,330. அயர்ன் கடையில் உருப்படி 15 ரூபாய், மாதம் 44 உருப்படி, 660.

துணியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "ரிங்கிள் ஃப்ரீ" என்று எழுதியிருக்கும் சட்டை பார்க்க வசதி, ஆனால் சுருங்காமல் இருக்க நூலின் மேல் பிசின் பூச்சு ஏற்றியிருப்பார்கள். வியர்வை எளிதில் வெளியேறாது, இருபது நிமிடம் நடந்தால் முதுகோடு ஒட்டும். சுத்தப் பருத்தி காற்று விடும், ஆனால் மதியத்துக்குள் கசங்கும். பருத்தி 60, பாலியஸ்டர் 40 கலவை இரண்டுக்கும் நடுவில். கடற்கரைக் காற்றின் ஈரத்துக்கு நான் சொல்வது மெல்லிய நூலில் நெருக்கமாக நெய்த சுத்தப் பருத்தி. கசங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம், புழுக்கத்தைப் பொறுக்க முடியாது. பேன்ட்டுக்கு பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலவை போதும், மடிப்பு நிற்கும், சீக்கிரம் காயும்.

நிறமும் முக்கியம். சாம்பல், வெளிர் நீலம் இரண்டும் வியர்வையைப் படம் போட்டுக் காட்டும். வெள்ளையும் அடர் நீலமும் காட்டாது. உள்ளே அக்குள் வரை வரும் அரைக்கை பருத்தி பனியன் போடுங்கள், சட்டையின் ஆயுளும் கூடும்.

மதுரையிலேயே தைத்துக்கொண்டு போவது நல்லது. விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்தால் 58 அங்குல அகலத்தில் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர், 36 அங்குலம் என்றால் இரண்டே கால் முதல் இரண்டரை மீட்டர். பேன்ட்டுக்கு 1.2 முதல் 1.3 மீட்டர். பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொடுங்கள். இதைச் செய்யாமல் தைத்தால் மூன்றாவது துவைப்பில் கழுத்து இறுக்கும், கை மணிக்கட்டுக்கு மேல் ஏறும். பேன்ட் இடுப்பில் இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள், உட்கார்ந்தே பார்க்கும் வேலைக்கு அது தேவைப்படும்.

ஷூ ஏன் இரண்டு ஜோடி? தோல் ஒருநாள் முழுக்க உறிஞ்சிய ஈரம் காய இன்னொரு முழு நாள் வேண்டும். தினமும் ஒன்றையே போட்டால் நாற்றமும் பூஞ்சையும் வரும், உள்தையல் விடும். அடிப்பகுதி ரப்பராக இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு ஜோடியை அலுவலக டிராயரிலேயே வைத்துவிட்டுச் செருப்பில் நடந்து போங்கள். நனைந்த ஷூவை வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்டாதீர்கள், தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாள் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள்.

ஃபார்மல் என்று வாயால் சொன்னதை நம்பி டை, பிளேசர் என்று வாங்கிக் குவிக்க வேண்டாம். உடை விதியை மெயிலில் கேளுங்கள். கட்டம் போட்ட சட்டை ஆகுமா, அரைக்கை ஆகுமா, கருப்பு ஜீன்ஸ் வெள்ளிக்கிழமை ஆகுமா. அரைக்கைக்கு அனுமதி இருந்தாலே பாதிக் கஷ்டம் குறையும்.

---

எதிர்க்கணக்கு:

மணிக்கணக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கும் செலவு உண்டு, அதை யாரும் கழிக்கவில்லை.

மதுரை வெயிலில் பகல் எட்டு மணி நேரம் ஏசி ஓடினால் நாளுக்கு ஒன்பது யூனிட் பக்கம் வரும். இரண்டு மாதத்துக்கு 44 வேலை நாள், 400 யூனிட். வீட்டின் மற்ற பயன்பாட்டோடு சேர்ந்து இரண்டு மாதக் கணக்கு 500-ஐத் தாண்டும். தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருக்கும் சலுகை விலையும் போய்விடும், கூடுதல் யூனிட் எல்லாம் மேல் விலையில் விழும். இணையம், யுபிஎஸ் பேட்டரி தேய்மானம் சேர்த்து மாதம் 2,500 கழியுங்கள். 1,35,100-ஐ 198-ஆல் வகுத்தால் 682. 695 அல்ல.

அடுத்து பிஎஃப். மாதம் 18,400 கூடுதலாகப் போகிறது. 2024-25-க்கு அறிவித்த 8.25 சதவீதமே தொடரும் என்று வைத்தால் மூன்று வருடத்தில் அந்தக் கூடுதல் மட்டும் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பக்கம் வரும். பழைய கணக்கை அதே யுஏஎன்னில் (பிஎஃப்பின் பொது எண்) மாற்றிக்கொண்டால் இரண்டு வேலைக் காலமும் சேர்ந்து ஐந்து வருடம் ஆனதும் எடுக்கும் தொகைக்கு வரி இல்லை. உங்கள் பங்கு வருடத்துக்கு 2.5 லட்சத்துக்குள் இருப்பதால் வட்டிக்கும் வரி இல்லை. கையில் கிடைத்தால் செலவாகும் பணம் இங்கே தானாகச் சேர்கிறது. மகள் படிப்புக்கு இதைவிட நல்ல இடம் எளிதில் கிடைக்காது.

என் முக்கியமான கேள்வி வேறு. உங்கள் இப்போதைய அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் பணியிடம் என்று என்ன எழுதியிருக்கிறது? ரிமோட் என்றா, பெங்களூரு என்றா? பெங்களூரு என்றால் நீங்கள் எடை போடும் ரிமோட் வேலை உங்களுடையதே அல்ல, இரவல். நாளைக்கே வரச்சொன்னால் 18 லட்சத்தில் பெங்களூரு வாடகை கட்ட வேண்டியிருக்கும். இன்றே அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள்.

---

பணிநியமனம்_கோவை:

எதிர்க்கணக்கு கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே பெரியது. அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கிடையில் பேரம் பேசும் முறையைச் சொல்கிறேன்.

ஆஃபர் கையில் எழுத்தாக வந்து, நீங்கள் "சரி" சொல்லாமல் இருக்கும் இந்த ஒன்பது நாளில்தான் உங்கள் சொல்லுக்கு எடை. ஒப்புக்கொண்டு நோட்டீஸ் கொடுத்த பிறகு கேட்கும் எதற்கும் "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும்.

சிடிசியைக் கூட்டுங்கள் என்று கேட்காதீர்கள். 25-ஐ 26 ஆக்கி வேரியபிளில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஃபிக்ஸடைக் கூட்டச் சொல்லுங்கள். உங்கள் அமைப்பில் ஃபிக்ஸடில் கூடும் ஒவ்வொரு லட்சமும் பிஎஃப், கிராஜுவிட்டி, வரி எல்லாம் போக வருடத்துக்கு சுமார் 62,000 கைக்கு வரும். பிஜி வழியில் மாதம் 19,400 செலவு, கையில் கூடுவது 5,400. துண்டு விழுவது 14,000. வருடத்துக்கு 1,68,000. அதை ஈடுகட்டவே ஃபிக்ஸட் 2.7 லட்சம் கூட வேண்டும். இந்த எண்ணோடு பேசுங்கள். "இடமாற்றச் செலவு" என்று காரணமும் சொல்லுங்கள், அந்தக் காரணத்துக்கு எச்ஆர் மேலிடத்தில் ஒப்புதல் வாங்குவது எளிது.

ஃபிக்ஸட் அசையவில்லை என்றால் வேரியபிளில் பாதியை ஃபிக்ஸடுக்கு மாற்றச் சொல்லுங்கள். சிடிசி மாறாது என்பதால் அவர்களுடைய சம்பள வரம்பும் மீறாது. அதோடு வேரியபிள் கடந்த இரண்டு வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்றும், நடுவில் சேர்ந்தவருக்கு எந்த மாதத்திலிருந்து கணக்கு என்றும் கேளுங்கள். சேர்ந்த தேதி அப்ரைசல் கெடுவுக்குப் பிந்தினால் முதல் ஏப்ரலில் உயர்வே இராது.

பிஎஃப்பை மாதம் 15,000 ஊதியத்துக்கு மட்டும் கணக்கிட்டு, அந்த வரம்போடு நிறுத்தும் வசதி அங்கே உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் கைக்கு மாதம் 16,300 கூடும், வரியாக வருடத்துக்கு 24,800 கூடுதலாகப் போகும். சேமிப்பு குறைகிறது என்பது உண்மை, ஆனால் இரண்டு இடத்தில் குடித்தனம் நடத்தும் முதல் வருடத்தில் ரொக்கம்தான் உயிர். இது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது, சேரும்போதே தேர்ந்தெடுக்க வேண்டும், பின்னால் மாற்ற விடமாட்டார்கள்.

சேரும் ஊக்கத்தொகை கொடுப்பதாகச் சொன்னால் வாங்கலாம், திரும்பப் பிடிக்கும் ஷரத்தைப் படித்துவிட்டு. 3 லட்சம் என்றால் வரி போக 2,26,000 தான் வரும். ஒரு வருடத்துக்குள் விலகினால் 3 லட்சமும் கட்டு என்பார்கள். "வரி கழித்துக் கொடுத்த தொகை மட்டும்", "மாத விகிதத்தில்" என்ற சொற்களைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை பற்றி: வங்கி மையம் ஏன் மறுக்கிறது என்று புரிந்துகொண்டு கேட்டால் கிடைக்கும். வாடிக்கையாளர் தரவும் நேரடி உற்பத்திச் சேவையகமும் தொடும் வேலையைப் பூட்டிய தளத்திலிருந்துதான் செய்ய விடுவார்கள். ஃபோன்கூட உள்ளே போகாது. ஆனால் நிரல் எழுதுவது, சோதனைச் சூழலில் ஓட்டுவது, மறுபார்வை போன்றவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. "வாரம் இரண்டு நாள் வேண்டும்" என்று கேட்டால் மேனேஜர் தயங்குவார். "மாதத்துக்கு எட்டு நாள், நான்கு நான்காக, சப்போர்ட் முறை இல்லாத வாரங்களில்" என்று கேளுங்கள். அப்போது வார விடுமுறையோடு சேர்த்து மாதம் இரண்டு முறை ஆறு ஆறு நாள் மதுரையில் இருக்கலாம். ரயில் செலவு கூடாது.

கிடைத்தால் ஆஃபர் லெட்டரிலோ அதன் இணைப்பிலோ வர வேண்டும். மேனேஜர் மாறினால் வாய்ச்சொல்லும் மாறிவிடும். "பணித் தேவைக்கேற்ப மாற்றத்தக்கது" என்ற வரி எப்படியும் இருக்கும், அதோடு "60 நாள் முன்னறிவிப்புடன்" என்று சேர்க்க முயலுங்கள்.

ஷிஃப்ட்டையும் கேளுங்கள். மதியம் ஒன்றரை முதல் இரவு பத்தரை வரை என்றால் கேப் உண்டா, படி உண்டா, ஸ்வைப் நேரம் ஒன்பது மணி கட்டாயமா என்று. இது ஒன்றே மேலே போட்ட கணக்கு முழுவதையும் புரட்டிவிடும்.

---

வைகைக்கரையான்:

லெட்டரைப் பார்த்தேன். "பணியிடம்: பெங்களூரு. நிறுவனம் விரும்பும்போது வேறிடத்துக்கு மாற்றலாம்" என்றுதான் இருக்கிறது. ரிமோட் என்ற சொல்லே இல்லை. ஐந்து வருடமாக வீட்டிலிருந்து செய்வதால் அது என் உரிமை என்றே நினைத்திருந்தேன்.

எச்ஆரிடம் இன்று பேசினேன். ஃபிக்ஸட் 23.5, வேரியபிள் 1.5, பிஎஃப் வரம்போடு நிறுத்திக்கொள்ளலாம். மாதம் எட்டு நாள் பற்றி மேனேஜர் சரி என்றார், எழுத்தில் தருவதாகச் சொல்கிறார்கள், இன்னும் வரவில்லை. ஷிஃப்ட் காலை பத்து முதல் ஏழு. அரைக்கைச் சட்டைக்கு அனுமதி உண்டாம்.

---

கணக்கர்_திருச்சி:

இது வேறு ஆஃபர். பேசிக் 11,75,000, நிறுவன பிஎஃப் 21,600, கிராஜுவிட்டி 56,518, காப்பீடு 15,090 போக மொத்தச் சம்பளம் 22,56,792. வரி 2,55,266. கைக்கு வருடத்துக்கு 19,77,426, மாதம் 1,64,785. இப்போதைய சம்பளத்தைவிட மாதம் 30,800 கூடுதல். பிஜி, ரயில், உடுப்பு எல்லாம் 19,400 போனாலும் 11,400 மிஞ்சும்.

மணிக்கணக்கில்: பிஎஃப் 3,600, வேரியபிள் 80 சதவீதம் வந்தால் வரி போக மாதம் 7,400, இவற்றையும் சேர்த்துச் செலவு கழித்தால் 1,56,385. அலுவலகம் 14 நாள்தான் என்பதால் நேரம் 214 மணி. மணிக்கு 731. ரயில் நேரத்தையும் சேர்த்தால் 636, அது மதுரையின் 682-க்குக் கீழேதான். அந்த 32 மணியில் பெரும்பகுதி இரவுத் தூக்கம் என்பதால் எவ்வளவு எண்ண வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பாண்டியனில் நன்றாகத் தூங்குபவருக்கு ஒரு விடை, தூக்கம் வராதவருக்கு வேறு விடை.

---

பணிநியமனம்_கோவை:

எட்டு நாள் எழுத்தில் வரும் வரை ராஜினாமா மெயில் அனுப்ப வேண்டாம். இப்போதைய நிறுவனத்திடமும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள், ஆஃபரைக் காட்டாமல்: பணியிடத்தை மதுரை என்று திருத்தி ஒரு கடிதம் தருவார்களா? தந்தால் உங்களிடம் இன்று இல்லாத ஒன்று கிடைக்கிறது, அப்போது 18 லட்சத்தின் மதிப்பே வேறு. மழுப்பினால் அந்த ரிமோட்டுக்கு இந்தக் கணக்கில் கொடுத்த எடையைக் குறையுங்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், விடுப்பைக் கழிக்கலாமா, மீதியைப் பணமாகக் கட்டினால் பேசிக் மேலா மொத்தச் சம்பளம் மேலா என்பதையும் அதே லெட்டரில் பார்த்து எழுதுங்கள். சேரும் தேதியை அதை வைத்துத்தான் கேட்க வேண்டும்.